பொட்டு வைத்த ஃப்ரீசர்

இந்த வருடம் லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று இப்போதைய துறைத் தலைவர் கேட்டார். "கொஞ்சம் உற்சாகமா இருக்கிற மாதிரி எழுதுங்க மேடம்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். உற்சாகத்துக்கு அவர் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருடம் மண்ணைக் கரைத்துக் கரைத்துத் தட்டில் ஊற்றியவள் நான். ஒரு புது மருந்துகூட என் கையால் வெளியே வரவில்லை. ஓய்வு பெற்ற நாளில் மேடையில் பேசியவர்கள் என்னை "மண்ணை அறிந்தவர்" என்றார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு மாலையை வாங்கிக்கொண்டேன். மண்ணை நான் பெரும்பாலும் பிளாஸ்டிக் பையில்தான் பார்த்திருக்கிறேன். தோண்டியவர் வேறு ஒருவர். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

தட்டு எப்படி ஊற்றுவது, எத்தனை நாள் வைப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்காக மட்டும் இரண்டு வரி. மண்ணுக்குள் கிருமிகள் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஓயாமல் சண்டை போடுகின்றன. அந்தச் சண்டைக்காக அவை சுரக்கும் விஷத்திலிருந்துதான் நம் ஆன்டிபயாடிக் மருந்துகளில் பல வந்தன. ஒரு தட்டு முழுக்க நோய்க்கிருமியைப் பரப்பி, நடுவில் மண்ணில் எடுத்த கிருமியை வைப்போம். அதைச் சுற்றி மட்டும் நோய்க்கிருமி செத்து, தெளிவாக ஒரு வளையம் விழுந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த வளையத்தை முதலில் பார்க்கும்போது உடனே ஊருக்கெல்லாம் சொல்லத் தோன்றும். உங்களுக்கும் தோன்றும். அப்போது எதையும் பேசாமல் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

நான் தண்ணீர் குடிக்கவில்லை. சேர்ந்த முதல் வருடமே ஒரு வளையம் விழுந்தது. திருவையாற்றுக்கு ஆள் அனுப்பி இரண்டு கிலோ அசோகா அல்வா வாங்கிவரச் சொல்லி மாடி முழுக்கக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துச் சோதித்துப் பார்த்தால் அது ஸ்ட்ரெப்டோமைசின். பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிற மருந்து. இந்தத் தொழிலில் பாதி வாழ்க்கை, ஏற்கெனவே கண்டுபிடித்ததை மறுபடி கண்டுபிடிப்பதில்தான் போகும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் முதலில் இனிப்பு வாங்கினேன், பிறகு சோதித்தேன்.

அப்போதைய துறைத் தலைவர் அறைக்கு நானே போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அசோகா நல்லாத்தாம்மா இருந்துச்சு. மருந்துதான் பழசு" என்றார். பிறகு என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "யாரும் கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே வந்து சொன்னீங்க பாருங்க. நான் இங்க பாக்குறது அது ஒண்ணத்தான்." அந்த வாக்கியத்தை ஒரு சான்றிதழ் போல வருடக்கணக்கில் மனசுக்குள் மாட்டி வைத்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன். அந்தத் தப்பை ஒப்புக்கொள்வதில் எனக்குப் போனது இரண்டு கிலோ அசோகாதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்தத் தலைவரின் பெயரை இதில் எழுத மாட்டேன். காரணம் பின்னால் தெரியும். இதில் ஒரே ஒருவருக்குத்தான் பெயர் உண்டு. கலியமூர்த்தி.

கலியமூர்த்தி நான் சேர்ந்த அதே வருடம் தினக்கூலியாக லேபுக்கு வந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். இவர் பன்னிரண்டாம் வகுப்பு தேறி, மேலே படிக்க வழியில்லாமல் இங்கே தட்டுக் கழுவ வந்தார். கழுவுவது, வேகவைத்துக் கிருமி நீக்குவது, வெளியே போய் மண் எடுத்து வருவது, எல்லாம் அவர் வேலை. இப்போது எழுதும்போது "அவர்" என்று வருகிறது. அப்போது நான் "நீ, வா, போ" என்றுதான் பேசினேன். என் வீட்டிலும் ஒரு காலத்தில் நிலம் இருந்தது. நிலத்தைப் பற்றி எல்லாரும் மணிக்கணக்காகப் பேசுவோம். வரப்பில் நடந்தால் மட்டும் வழுக்கி விழுவோம்.

மண் எடுக்க வேண்டிய இடங்களை நான் வரைபடத்தில் அடையாளம் போட்டுக் கொடுப்பேன். மன்னார்குடி சாலையில் இத்தனை கிலோமீட்டருக்கு ஓர் இடம் என்று அளந்து வைத்த திட்டம். எட்டு மாதம் அப்படியே நடந்தது. ஒருநாள் அவர் பையை மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"மேடம், ஒண்ணு சொல்லவா? கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இது ரோடு போட்டப்ப ஓரத்துல கொட்டுன லாரி மண்ணு. எந்த ஊரு மண்ணோ. நம்ம மண்ணு இதுல ஒரு பிடிகூட இல்ல."

எட்டு மாத மண்ணையும் கொட்டச் சொன்னேன். வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. "முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டேன். "நீங்க கேக்கலியே மேடம்" என்றார். எங்கே எடுக்கலாம் என்று அன்றுதான் முதல் தடவையாக அவரிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. வருடா வருடம் ஒரே இடத்தில் வைக்கோல் போர் போடுவார்கள், கோடையில் போர் கரைந்த பிறகு அடி மண்ணைக் கிளறினால் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், மழை பெய்தால் வருகிற வாசம் அங்கே சும்மாவே வரும் என்றார். நாம் தேடும் கிருமி இனமே அந்த வாசத்தைத் தருவதுதான். எனக்குப் புத்தகத்தில் தெரிந்தது அவருக்கு மூக்கில் தெரிந்திருந்தது.

அதன் பிறகு அவர் கொண்டுவந்ததெல்லாம் போரடி மண். ஒவ்வொரு பைக்கும் இடம் சொல்வார். "வடக்குத் தெருவுக்குப் பின்னாடி களத்துமேடு, கெழக்கு ஓரத்துல வேப்பமரம், மரத்துலேருந்து எட்டடி, போரு கரைஞ்ச எடம்." அவ்வளவும் நோட்டில் எழுத இடமில்லை என்று நான் "போரடி மண், மன்னார்குடி சாலை" என்று முடித்துக்கொள்வேன். "முழுசா எழுதிக்குங்க மேடம்" என்று ஓரிரு தடவை சொல்லிப் பார்த்தார். உனக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா, போதும் என்றேன்.

பல வருடம் கழித்து, அந்த வருடத்தின் பதினேழாம் எண் கிருமி அப்படிப்பட்ட ஒரு போரடி மண்ணில்தான் வந்தது. நாங்கள் அதைப் பதினேழு என்றே கூப்பிட்டோம். மருத்துவமனை ஒன்றிலிருந்து, அறுவை செய்த புண்ணில் எடுத்த நோய்க்கிருமி ஒன்று எங்களுக்கு வந்திருந்தது. அங்கே கையிலிருந்த எந்த மருந்துக்கும் அசையாதது. யாருடைய புண் என்று நாம் கேட்பதில்லை, ஓர் எண்தான் வரும். "அந்த ஆளு பொழச்சிட்டாரா மேடம்?" என்று கலியமூர்த்தி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கிருமி பரப்பிய தட்டில் பதினேழை வைத்த மூன்றாம் நாள் காலை, கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்தார். முன்னே பின்னே அப்படி வந்தவர் இல்லை. "வந்து பாருங்க மேடம்" என்றார், அவ்வளவுதான். வளையம் அகலமாக, கத்தரித்து எடுத்தது போல விழுந்திருந்தது.

இந்தத் தடவை அசோகா வாங்கவில்லை. இங்கே முடிந்த சோதனை எல்லாம் செய்தோம். பிறகு வடக்கே இருக்கும் ஒரு பெரிய ஆய்வகத்துக்குச் சாற்றை மட்டும் அனுப்பினேன். பார்த்தவரை பழைய மருந்து எதோடும் ஒத்துப்போகவில்லை, உயிருள்ள கிருமியை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. தலைவர் இரண்டு தடவை சொன்னார்: "அனுப்பிடுங்கம்மா. மூணு எடத்துல இருந்தாத்தான் அது இருக்குன்னு அர்த்தம்." நான் அனுப்பவில்லை. அனுப்பினால் அவர்கள் பெயர் முன்னால் வந்துவிடும் என்று பயம். என் கைக்குள்ளேயே இருக்கட்டும், ஆயுத பூசை கழியட்டும், பார்க்கலாம் என்று இழுத்தேன். சோதனைக் குழாயில் மாற்றி மாற்றி வளர்த்த பதினேழு ஏற்கெனவே சுணங்கத் தொடங்கியிருந்தது. வளர்க்க வளர்க்கச் சில கிருமிகள் சண்டை போடுவதை விட்டுவிடும். முதலில் எடுத்த வீரியமான பதினேழு நான்கு குப்பிகளில் ஃப்ரீசரில் இருந்தது. நான்கும் ஒரே ஃப்ரீசரில், ஒரே டப்பாவில்.

அதே சமயத்தில் தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி பதினான்கு வருடமாகக் காத்திருந்த பட்டியல். வயது வரம்புக்கு அவருக்கு இன்னும் சில மாதங்களே பாக்கி. இதை விட்டால் அடுத்தது கிடையாது. சான்றிதழ் நகல்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கையெழுத்து வாங்க இடம் இடமாக அலைந்தார். தலைவர் பரிந்துரை எழுதிக் கொடுத்துவிட்டார். "இந்தத் தடவ வந்துரும்னு சொல்றாங்க மேடம்" என்று ஒருநாள் தட்டுக் கழுவிக்கொண்டே சொன்னார். "வராம எங்க போவும்?" என்றேன் நான்.

ஆயுத பூசை வந்தது. நம் லேபில் எப்படிக் கொண்டாடுவோம் என்று போன மாதம் பார்த்திருப்பீர்கள். எல்லா மெஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு கும்பிடுவோம். அந்த வருடம் பூசைக்குப் பெரிய அதிகாரிகள் வருவதாக இருந்தது. காலையில் ஃப்ரீசரைத் திறந்தால் உள்ளே ஐஸ் பாறையாக ஏறிக் கிடந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, அணைத்துவிட்டுச் சுரண்டிக் கழுவி வை என்று கலியமூர்த்தியிடம் சொன்னேன். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம்.

"இன்னிக்கு வேணாம் மேடம். குப்பிய மாத்தி வைக்கப் பக்கத்து டிபார்ட்மென்ட் ஃப்ரீசரு இல்ல. நேத்தே பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்க."

"தெர்மாகோல் பெட்டில ஐஸ் போட்டு வை. ரெண்டு மணி நேரந்தானே?"

அவர் அணைத்தார், சுரண்டினார், கழுவினார், துணியால் ஈரம் போகத் துடைத்தார். ஃப்ரீசர் புதுசு போல ஆகிவிட்டது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவையும் போட்டார். குப்பிகளைப் பெட்டியோடு உள்ளே வைத்துவிட்டு சுவிட்சில் கை வைத்தார். நான் தடுத்தேன்.

"பொட்டு வச்சாச்சுல்ல? இன்னிக்கு ஓட்டக் கூடாது. நாளைக்கு நான் வந்து கற்பூரம் காட்டிட்டுப் போட்டுக்குறேன்."

"மேடம், உள்ள ஐஸே இல்லியே."

"பெட்டில இருக்குல்ல, ஒரு நாள் தாங்கும். அதுவும் வருஷம் பூரா ஓடுது, ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டுமே."

இதைச் சொன்னது பிஎச்.டி. பட்டம் வாங்கிய நான். எங்கள் வீட்டில் அன்றைக்கு அரிவாள்மணையைக்கூடத் தொட விட மாட்டார்கள். படையலில் வைத்த பேனாவை எடுத்ததற்கு ஒரு தடவை அடி வாங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறியிருந்தது. ஐஸ் நிறைந்த ஃப்ரீசர் மூடி இருந்தால் ஒரு நாள் குளிர் தாங்கும் என்பது உண்மைதான். அந்த ஐஸை முழுக்கச் சுரண்டி எடுக்கச் சொன்னதும் நானே. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கலியமூர்த்திக்குத் தோன்றியது. "சரிங்க மேடம்" என்று சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் விஜயதசமி. மன்னார்குடியில் அக்கா பேத்திக்கு நெல்லில் எழுத்து ஆரம்பிக்கிறார்கள் என்று காலையிலேயே கிளம்பிப் போய்விட்டேன். ஃப்ரீசர் ஞாபகம் வந்தது. வந்தும் போனேன். பத்து மணி வாக்கில் போன் அடித்தது.

"மேடம், லேப் வாசல்ல நிக்கிறேன். சாவி உங்ககிட்டல்ல இருக்கு?"

"நான் ஊர்ல இருக்கேன் கலியமூர்த்தி. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"இல்ல மேடம், ஃப்ரீசரு…"

"ஒண்ணும் ஆவாது. லீவுதானே, வீட்டுக்குப் போ."

அவர் போனை வைக்கவில்லை. "நான் வேணா பஸ் ஏறி மன்னார்குடி வந்து சாவிய வாங்கிட்டுப் போவட்டுமா? ஒரு மணி நேரந்தான்."

பந்தியில் இலை போட்டுவிட்டார்கள், எல்லாரும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அதுக்குன்னு இவ்வளவு தூரம் வரணுமா? போப்பா" என்று வைத்துவிட்டேன். சாவி என் கைப்பையில், மடியிலேயே இருந்தது.

விஜயதசமி வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை நான் வருவதற்கு முன்பே அவர் லேப் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்ததும் அடைத்து வைத்திருந்த வெக்கை முகத்தில் அடித்தது. ஃப்ரீசரின் மேல் பூ கருகிக் கிடந்தது. பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே பெட்டிக்குள் ஐஸ் உருகிய தண்ணீரில் நான்கு குப்பிகளும் மிதந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். என் உடம்புச் சூட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நான்கையும் தட்டில் போட்டோம். மூன்றில் தண்ணீர் புகுந்து வெறும் பூசணம்தான் வந்தது. நான்காவதில் வெள்ளையாக, சாட்சாத் பதினேழு போலவே ஒன்று வளர்ந்தது. நோய்க்கிருமிக்கு நடுவில் வைத்தேன். மூன்று நாள் பார்த்தேன், ஏழு நாள் பார்த்தேன். வளையம் விழவில்லை. நோய்க்கிருமி அதன் மேலேயே ஏறிப் படர்ந்தது. குழாயில் இருந்த சுணங்கிய பதினேழிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒருவேளை குப்பியில் இருந்ததும் முன்பே வீரியம் இழந்திருக்கலாம், சூட்டினால் இல்லாமலும் இருக்கலாம். இந்த "ஒருவேளை"யை நான் பல வருடம் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறேன். தூக்கம் நன்றாகவே வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை தலைவர் அறையில் நடந்தது. தலைவர், நிர்வாக அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, நான், மூவரும் உட்கார்ந்திருந்தோம். கலியமூர்த்தி நின்றார். எனக்கு அடுத்த மாதம் பதவி உயர்வுக்கான நேர்முகம். அவருடைய பட்டியல் அதே அதிகாரியின் மேசையில் இருந்தது. இரண்டும் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"ஃப்ரீசர அணைச்சது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் கலியமூர்த்தி.

"பூசைக்குச் சுத்தம் பண்ணிட்டு, மறுபடி போடாம அப்படியே போயிட்டே. அப்படித்தானே?"

கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். கெஞ்சிப் பார்க்கவில்லை, குற்றம் சாட்டியும் பார்க்கவில்லை. பேச வேண்டியது யார் முறையோ அவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, "நான்தான் அணைச்சேன் சார்" என்று முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். ஸ்ட்ரெப்டோமைசின் நாளில் பார்த்தாரே, அதே பார்வை. "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று நிதானமாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எனக்கு வாய் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வாய் நன்றாக வந்தது.

"இல்ல சார்" என்றேன்.

அறிக்கையையும் நான்தான் எழுதினேன். "பூசைக்காகச் சுத்தம் செய்யும்போது ஊழியர் ஃப்ரீசரை அணைத்தார். விடுமுறை முடியும் வரை அது மீண்டும் போடப்படவில்லை." ஒரு சொல்கூடப் பொய் இல்லை, நீங்களே பாருங்கள். முப்பது வருடத்தில் நான் எழுதியவற்றில் இவ்வளவு சுத்தமான வாக்கியங்கள் வேறு இல்லை. கலியமூர்த்தியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்றார்கள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவர் போன பிறகு தட்டுக் கழுவ வந்தவரின் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை.

தலைவர் ஓய்வு பெற்ற நாளில் அவர் மேசையைக் காலி செய்ய உதவிக்கொண்டிருந்தேன். காகிதங்களை அடுக்கியபடியே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த வாரத்துச் சாவி ரிஜிஸ்டர நான் பாத்தேம்மா" என்றார். அப்படியானால் அந்த வாரம் சாவி என்னிடம்தான் இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கேட்டார், தெரிந்துதான் என் பதிலை ஏற்றுக்கொண்டார், தெரிந்துதான் கலியமூர்த்தி பெயரை எடுத்த பட்டியலில் கையெழுத்துப் போட்டார். அவரிடம் நான் கற்றவை ஏராளம். ஆனால் அவர் பெயரை இங்கே எழுதக் கை வரவில்லை. ஒரு திட்டுக்காக நான் அன்று ஏங்கினேன், அவர் அதைக்கூடக் கொடுக்காமல் போய்விட்டார்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. கலியமூர்த்தியை நிறுத்தியதற்கு அடுத்த கோடையில் நான் அவரைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை. பதினேழு வந்த இடத்தில் மறுபடி மண் எடுக்க வேண்டும். நோட்டைப் புரட்டினால் "போரடி மண், மன்னார்குடி சாலை" என்று இருந்தது. அந்தச் சாலை நெடுக எத்தனை ஊர், எத்தனை களம். இடம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த மூட்டையை அடுக்கி வைத்திருந்த அட்டியில் இறக்கிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் காரில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் "இங்க திரும்புங்க, நேரா போங்க" என்பதைத் தவிரப் பேச்சில்லை. வடக்குத் தெருவுக்குப் பின்னால் இறங்கினோம். களத்துமேடு இல்லை. வேப்பமரமும் இல்லை. மனை போட்டு, கல் நட்டு, கல்லுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். தரை இடுப்பு உயரத்துக்கு மேடாக இருந்தது. அவர் குனிந்து ஒரு பிடி அள்ளி, மூக்கருகில் கொண்டுபோய், கீழே போட்டார்.

"லாரி மண்ணு மேடம்."

அப்படியும் விடவில்லை. யாரிடமோ கடப்பாரை வாங்கி வந்து, எட்டடிக் கணக்கைக் குத்துமதிப்பாக அளந்து, நிரப்பிய மண்ணைத் தாண்டி ஆழத்தில் நான்கு இடத்தில் தோண்டிக் கொடுத்தார். நிலையத்தில் அவருக்கு அன்றைய அரை நாள் வேலை போயிற்று. ஒவ்வொரு பையின் மீதும் இடத்தை முழுசாக அவரே எழுதினார். கையெழுத்து என்னுடையதைவிட அழகு. பையை என்னிடம் நீட்டும்போது கேட்டார்.

"மண்ணுக்காகத்தான் வந்தீங்களா மேடம்? வேற ஏதும் சொல்லணும்னு வந்தீங்களா?"

இரண்டாம் தடவை என் முறை வந்தது. இப்போது அதிகாரி இல்லை, பதவி உயர்வு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை. வெட்டவெளியில் நாங்கள் இருவர் மட்டும்.

"மண்ணுக்குத்தான்" என்றேன்.

தலையை ஆட்டினார். கடப்பாரையைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார். அந்த நான்கு பையிலும் பதினேழு இல்லை. அதன் பிறகு எந்தப் பையிலும் இல்லை. அந்த நோய்க்கிருமி மட்டும் இன்னமும் உங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அதை மூன்று இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இதுவரை எழுதி முடித்ததும் போன வாரம் அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். இப்போது ஓர் உரக்கடைக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். மூட்டை தூக்கிய முதுகு, நிமிர்ந்து நிற்க முடியவில்லை. என்னை உட்காரச் சொன்னார், டீ சொல்லவில்லை. நான் வாசித்தேன். "போப்பா" என்று நான் போனை வைத்த இடம் வந்தபோது மட்டும் வெளியே பார்த்தார். முடித்ததும், இவ்வளவு வருடம் கழித்து, "தப்பு என்னுதுங்க. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அவரிடம் முதல் தடவையாக "ங்க" வந்தது.

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "அன்னிக்கு நான் சொல்லியிருக்கலாம் மேடம். சொன்னா பழி போடுறான்னுதான் எழுதுவாங்க. நீங்க சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்" என்றார். பிறகு, "இப்ப எழுதி என்ன ஆவப் போவுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது. புதுசா வந்த புள்ளைங்க படிப்பாங்க. உங்க பேரப் போடட்டுமா?"

"போடுங்க. ஆனா வெறும் கலியமூர்த்தின்னு போடாதீங்க. எங்க ஊர்லயே ஆறு பேரு இருக்கான். முழுசா எழுதுங்க. முழுசா எழுதாமதான மண்ணத் தொலச்சீங்க."

எழுதுகிறேன். கலியமூர்த்தி, தகப்பனார் உத்திராபதி, வடக்குத் தெரு. இந்த லேபில் பதினான்கு வருடம் தினக்கூலி. போரடி மண்ணை எனக்குக் காட்டியவர். பதினேழின் வளையத்தை முதலில் பார்த்தவர். விஜயதசமி காலையில் நம் லேப் வாசலில் நின்று, ஃப்ரீசரைப் போட வேண்டும், சாவி கொடுங்கள் என்று கேட்டவர். அணைக்கச் சொன்னது நான். சாவி என் மடியில் இருந்தது.